மலை ரயிலை டவுன் பஸ் மாதிரி பயன்படுத்துவது எப்படி? குன்னூர்–ஊட்டி தடம், முதல் முறை வருபவர்களுக்கு

ஊட்டிக்கு வரப்போகிறவர்கள் மலை ரயிலைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைக்குமா?" கிடைக்காது என்று தெரிந்ததும் ரயில் ஆசையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்காது. நான் அருவங்காட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இந்த வண்டி யாருக்கும் அதிசயம் இல்லை. அம்மா கட்டைப்பையோடு ஊட்டி மார்க்கெட்டுக்குப் போய்வந்ததும், நான் குன்னூருக்குப் படிக்கப் போனதும் இதில்தான். அந்தப் பழக்கத்தை உங்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. டிராமுக்கு யாரும் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்ததில்லை. நிறுத்தத்தில் நின்று ஏறுவார்கள், வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்வார்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மலை ரயிலையும் கிட்டத்தட்ட அப்படியே பயன்படுத்தலாம். குட்டிப் பெட்டிகள், நிதானமான ஓட்டம், சில கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். டிராம் தெருவோடு ஓடும், இது மலைச்சரிவில் தனித் தடத்தில் ஓடும். ஆனால் ஏறுகிறவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டிலும் ஒன்றுதான்: எங்கே நிற்கும், எப்போது வரும், இறங்கினால் எப்படித் திரும்புவது.

முதல் படி: தடத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மொத்தம் 46 கிலோமீட்டர். இதை ஒரே பயணமாக நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஊட்டிக்கு வண்டி வந்து சேர்ந்தது 1908-இல். வயது மட்டுமல்ல, இரண்டு பாதிகளின் குணமும் வேறு.

கீழ்ப்பாதியில் கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. சுமார் 12 அடி போனால் ஒரு அடி ஏற வேண்டிய செங்குத்து அது. சாதாரண ரயில் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது குனிந்து பாருங்கள். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் ஒன்றை விடுவதற்கு முன்பே அடுத்ததைப் பிடித்துக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. இந்தியாவில் பல்சக்கர ரயில் பாதை இது ஒன்றுதான்.

மேல்பாதியில் பல்பட்டை கிடையாது. ஏற்றம் குறைவு, டீசல் எஞ்சின் இழுத்துக்கொள்கிறது. கீழிருந்து ஊட்டிக்கு வருவது வழக்கமாக நாளுக்கு ஒரு வண்டி. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். திரும்பும் வண்டி பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியை விடும். ஆனால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் தனியாகச் சில நடைகள் உண்டு. நமக்கு வேண்டியது இவைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லார் பக்கம் மண் சரிந்து கீழ்ப்பாதியை நிறுத்தும் நாட்களிலும் "குன்னூர்–ஊட்டி இடையே வழக்கம்போல் இயங்கும்" என்று செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை, பாதை மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் மனம் தளர்ந்துவிடாதீர்கள். பஸ்ஸில் குன்னூர் வந்து அங்கிருந்து ரயில் ஏறலாம்.

இரண்டாம் படி: நிறுத்தங்களை மனப்பாடம் செய்யுங்கள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. ஆறே பெயர். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வெலிங்டன் ராணுவ ஊர். குன்னூரிலிருந்து ஏறி உட்கார்ந்து சூடாக ஒரு பேச்சைத் தொடங்குவதற்குள் வந்துவிடும். அருவங்காடு எங்கள் ஊர். வெடிமருந்துத் தொழிற்சாலையை ஒட்டியே வளர்ந்தது. நான் சிறுமியாக இருந்தபோது ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டிபன் கேரியரோடு பிளாட்பாரத்தில் நிற்பார்கள். சுற்றிப்பார்க்க இங்கே இறங்க வேண்டியதில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன்.

இறங்க வேண்டிய இடம் கேத்தி. சின்ன நிலையம். வண்டி போன பிறகு ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள், அப்போதுதான் ஊர் காதில் விழும். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள்: கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ். நடுநடுவே ஹட்டிகள் என்னும் படகர் ஊர்கள், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். காலையில் பனி கீழே தேங்கி நிற்கும். வெயில் ஏற ஏற முதலில் ஒரு கூரை தெரியும், அப்புறம் ஒரு தோட்டத்தின் ஓரம், அப்புறம் சட்டென்று மொத்தப் பள்ளத்தாக்கும். கேத்தி பாலாடா பக்கம் கேரட்டை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கழுவுவார்கள். மண் போன கேரட்டின் நிறத்தை முதல் முறை பார்க்கிற குழந்தை கண்ணை எடுக்காது. வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்துக்கொண்டே கடந்துபோனால் இதெல்லாம் கிடைக்காது.

லவ்டேல் மரங்களுக்கு நடுவே அமைதியான நிலையம். 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இந்த ஊரில்தான். அதைத் தாண்டினால் ஃபெர்ன்ஹில் என்று ஒரு பழைய நிலையம் இருந்தது. 1908-இல் பாதை முதலில் வந்து நின்றதே அங்கேதான். இப்போது வண்டி நிற்பதில்லை. ஏற இறங்க ஆள் இருக்கும்வரைதான் சின்ன நிலையங்களுக்கு உயிர் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. உங்களைக் கேத்தியிலும் லவ்டேலிலும் இறங்கச் சொல்வதில் அந்தப் பயமும் கலந்திருக்கிறது.

மூன்றாம் படி: டிக்கெட்

ஆன்லைனில் தேடும்போது "ஊட்டி" என்று தேடித் திணறாதீர்கள். ரயில்வே கணக்கில் பெயர் உதகமண்டலம், குறியீடு யு.ஏ.எம். குன்னூருக்கு ஓ.என்.ஆர்., மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி. முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கும். ஏப்ரல், மே சீசனுக்குத் திறந்த அன்றே பார்த்துவிடுவது நல்லது.

நாம் செய்யப்போவதற்கு முன்பதிவு வேண்டாம். குன்னூர் நிலையக் கவுண்டரில் சாதாரண டிக்கெட் கேளுங்கள். புதியவர்கள் தவறு செய்கிற இடம் இதுதான்: குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, கேத்தியில் இறங்கிச் சுற்றிவிட்டு, அடுத்த வண்டியில் அதே டிக்கெட்டோடு ஏறுவார்கள். செல்லாது. 500 கிலோமீட்டருக்கு உட்பட்ட டிக்கெட்டில் நடுவில் இறங்கிப் பயணத்தைத் தொடர ரயில்வே அனுமதிப்பதில்லை. அதனால் குன்னூர்–கேத்தி ஒரு டிக்கெட், கேத்தி–ஊட்டி ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்குங்கள். காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் ஏறுவதும் கூடாது. முன்பதிவில்லாத டிக்கெட்டை வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் அடுத்த வண்டியில், பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

பெட்டிகள் சின்னவை, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வண்டி கிளம்ப முக்கால் மணி நேரம் முன்னால் வரிசையில் நில்லுங்கள். சனி, ஞாயிறு என்றால் இன்னும் முன்னால்.

நான்காம் படி: நேரம்

நேரங்கள் அவ்வப்போது மாறும். அதனால் நான் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்து, நீங்கள் அதை நம்பி வந்து நிற்பது சரியாக வராது. கிளம்புவதற்கு முதல் நாள் ரயில்வே விசாரணை எண் 139-க்குப் போன் செய்து கேளுங்கள். நிலையத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பலகையில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசை வண்டிகளின் நேரத்தையும் சேர்த்து எடுங்கள், திரும்பி வர அதுதான் உதவும்.

கல்லூரி நாட்களில் ஒரு கார்த்திகை மாலை, நானும் தோழியும் கேத்தியில் இறங்கி, அடுத்த வண்டி இருக்கிறது என்ற நினைப்பில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தோம். அன்றைக்குக் கடைசி வண்டி ஏற்கெனவே போய்விட்டது. நாங்கள்தான் பலகையைப் பார்க்கவில்லை. ஐந்தரைக்கே பனி மூடி, எதிரில் வருகிறவர் யாரென்று தெரியவில்லை. மெயின் ரோடு வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து பஸ் பிடித்தோம். கேத்தியில் இறங்கியதும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்காமல் அதற்கப்புறம் நான் நகர்ந்ததே இல்லை.

ஐந்தாம் படி: ஏறுவதும் உட்காருவதும்

பெரும்பாலான பெட்டிகளில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு. உள்ளே ஏறிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால் வழி இருக்காது. குடும்பமாக வந்தால் பிளாட்பாரத்திலேயே ஒன்றாக நின்று ஒரே கதவில் ஏறுங்கள். வண்டிக்குள் கழிப்பறை இல்லை. ஏறுவதற்கு முன்பே நிலையத்தில் போய்விட்டு வாருங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

குன்னூரில் ஒரு விஷயம் எல்லோரையும் பதற வைக்கும். ஊட்டி வண்டி நிலையத்தை விட்டு முதலில் கொஞ்ச தூரம் பின்னோக்கிப் போகும். "ஐயோ, மேட்டுப்பாளையம் வண்டியில் ஏறிவிட்டோமா?" என்று பக்கத்தில் யாராவது எழுந்தே விடுவார்கள். பயப்பட வேண்டாம். பின்னால் போய் நின்று, தடம் மாறி, அப்புறம்தான் ஊட்டிப் பக்கம் ஏறும்.

நடு நிறுத்தங்களில் வண்டி அதிக நேரம் நிற்காது. கேத்தியில் இறங்க வேண்டுமென்றால் அருவங்காடு தாண்டியதுமே பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகுதான் கதவைத் தொட வேண்டும். ஓடும்போது கதவில் சாய்ந்து செல்ஃபி எடுக்கவே வேண்டாம். சில இடங்களில் பாறை கைக்கெட்டும் தூரத்தில் உரசிக்கொண்டு போகும்.

கையில் என்ன வேண்டும்?

ஸ்வெட்டர், சித்திரையிலும் வேண்டும். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கேட்டால் கிடைக்காது. ஃபிளாஸ்க்கில் டீயும் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டும் இருந்தால் கேத்தி பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் போவதே தெரியாது. குரங்கு வந்தால் வர்க்கியைப் பைக்குள் போட்டுவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை.

திரும்பும் வழி

ஊட்டியில் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துப் பக்கத்தில். குன்னூரிலும் நடக்கிற தூரம்தான். அதனால் ஒரு வழி ரயில், ஒரு வழி பஸ் என்று வைத்துக்கொள்வது வசதி. முதல் முறைக்கு என் யோசனை இதுதான். காலை முதல் நடையில் குன்னூரிலிருந்து கேத்திக்கு டிக்கெட் எடுங்கள். இறங்கியதும் பலகையைப் பாருங்கள், அடுத்த ஊட்டி வண்டி வரும்வரை சுற்றுங்கள், அதில் ஊட்டி போய்ச் சேருங்கள். மதியம் ஊட்டியில் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் பஸ்ஸில் குன்னூருக்கு இறங்கிவிடலாம். அப்போது ரோட்டிலிருந்து கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் இடம் ஒன்று வரும். காலையில் நீங்கள் நின்ற நிலையம் எந்தப் பக்கம் என்று தேடிப் பாருங்கள்.