சாமியாருக்குப் படிக்கும் பிள்ளைக்கு உதவும்போது நேரும் தவறுகள்

தை அறுவடை முடிந்து நெல்லுப் பணம் கைக்கு வரும் நாட்களில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "ஒரு பிள்ளையைச் சாமியாருக்குப் படிக்க வைக்கலாமே." அதாவது ஒரு பையன் குருவாவதற்கான படிப்புச் செலவை ஏற்பது. முன்பெல்லாம் அந்தப் பிள்ளை கொள்ளிடத்துக்கு அந்தக் கரையிலோ பூண்டிப் பக்கத்திலோ இருப்பான். இப்போது ஆப்பிரிக்காவிலும் மியான்மரிலும் உள்ள குருமாணவர்களுக்காகவும் உதவி கேட்டு வருகிறது. கொடுக்கவும் நம் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், சில ஆண்டுகள் இந்தக் கணக்கை நான் எழுதியிருக்கிறேன். நல்ல மனதோடு கொடுத்த பணமே ஒரு பிள்ளையை நெருக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த உதவி நமக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் நாம் வாங்கும் பக்கத்தில் இருந்தோம். ஜப்பானில் நாகசாகி ஆயர் (பிஷப்), பணமில்லாததால் குருமாணவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று பிரான்சுக்கு எழுதினார். அதைப் படித்து ழான் பிகார் என்ற பெண்ணும் அவருடைய தாய் ஸ்தெஃபானியும் இப்படிப்பட்ட குருமாணவர்களுக்கு உதவ 1889இல் தொடங்கியதுதான் திருத்தூதர் பேதுரு சபை. 1922இல் அது திருத்தந்தையின் நேரடிச் சபைகளில் ஒன்றானது. இந்த மண்ணின் பிள்ளைகளே இந்த மண்ணுக்குக் குருக்களாக வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் ஒரு குருமடத்தை, அதாவது குருக்களுக்கான பயிற்சி இல்லத்தை, தொடங்கினார். 1955இல் அது புனேக்கு மாறியது. கும்பகோணம் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பகுதி) பிறந்தது 1899இல். அந்தக் காலத்தில் யாரோ ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தன் செலவைக் குறைத்துக் கொடுத்த காசில்தான் நம் பாட்டன்மார் காலத்துக் குருக்களில் பலர் படித்தார்கள். கொடுத்தவரின் பெயர் படித்தவருக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "என் பையன்" என்று ஒருவனைப் பிடித்துக்கொள்வது.

என் உறவில் ஒரு பெரியவர். நல்ல மனிதர், இரண்டு வேலி நிலம். ஏழைக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு இளங்குருமடத்திலிருந்தே அவர்தான் செலவு செய்தார். விடுமுறைக்கு வந்தால் வீட்டில் விருந்து, புதுச் சட்டை. ஊர் முழுக்க "நம்ம பிரதர்" (குருமாணவரை அப்படித்தான் அழைப்போம்) என்று சொல்லிக்கொள்வார். மெய்யியல் படிப்பு முடிந்த வருடம், குருவாக இருப்பது கடவுள் தனக்குத் தந்த அழைத்தல் இல்லை என்று பையன் திரும்பி வந்துவிட்டான். பெரியவர் திட்டவில்லை, பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டார். கோயிலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் பையன் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவனுடைய அம்மா மட்டும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

குருப்பட்டம் பெறுகிறவன் முழுச் சுதந்திரத்தோடு பெற வேண்டும், எந்த வகையிலும் யாரும் அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1026 சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஏறக்குறைய பத்தாண்டுப் பயிற்சி. மெய்யியலுக்கும் இறையியலுக்கும் மட்டுமே ஆறு ஆண்டுகளாவது வேண்டும். இந்தக் காலம் முழுவதும் அழைத்தலைச் சோதித்துப் பார்க்கத்தான். நடுவில் ஒருவன் வெளியே வருவது பயிற்சி தோற்றதாக ஆகாது, பயிற்சி தன் வேலையைச் செய்ததாகத்தான் ஆகும். செலவு செய்தவரின் முகம் நினைவுக்கு வந்ததால் மட்டும் ஒருவன் தங்கிவிட்டால், பிறகு நாற்பது வருடம் பங்குமக்கள் அல்லவா அதைச் சுமக்க வேண்டும்?

அதனால்தான் திருத்தூதர் பேதுரு சபையின் உதவி ஒரு மாணவனின் கைக்குப் போகாமல் குருமடத்துக்குப் போகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவனை மனதில் வைத்துச் செபியுங்கள், கடிதம் எழுதுங்கள், தவறில்லை. பணம் மட்டும் ஆயர் இல்லம் அல்லது குருமட அதிபர் வழியாகப் போகட்டும். ஒரு பிரதருக்கு மட்டும் விலை உயர்ந்த போன் வாங்கிக் கொடுத்தால், அதே அறையில் படுக்கும் மற்றப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வரும் அவசரக் கடிதம். அங்கி அணிந்த இளைஞனின் படம், ஏதோ ஓர் ஆப்பிரிக்க மறைமாவட்டத்தின் முத்திரை, "வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்" என்று ஒரு வரி. உண்மையான குருமடம் கட்டணத்துக்காக மாணவனை முன்பின் தெரியாதவரிடம் பிச்சை எடுக்க விடாது. கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து விசாரிப்பது விசாரணையே அல்ல. அந்த மறைமாவட்டத்தின் எண்ணை நீங்களாகத் தேடி, அதிபரிடமோ ஆயர் செயலரிடமோ கேளுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். வெளிநாட்டு மாணவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் நேரான வழி, பெங்களூரில் உள்ள பாப்பிறை மறைபரப்புச் சபைகளின் (திருத்தூதர் பேதுரு சபையும் இவற்றில் ஒன்று) இந்திய அலுவலகம். உங்கள் மறைமாவட்டத்திலேயே அதற்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார்.

பணம் எந்த வழியில் போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டுக்கு ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வங்கி வழியாக அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் இது தனிநபருக்கான வசதி. அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) திரட்டிய பணத்தை ஒருவர் பெயரில் போட்டு அனுப்பினால் பின்னால் அவருக்குத்தான் தலைவலி. உண்டியலில் அனுப்புவது, அதாவது ஹவாலா, சட்டவிரோதம்.

வெளியிலிருந்து இங்கே வரும் பணத்தில் காரைக்கால் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக இங்குள்ள குருமடத்துக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற அக்கா கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்குக்குத்தான் வர வேண்டும். "எல்லாம் நம்ம குடும்பம்தானே" என்று பங்குச் சாமியாரின் சொந்தக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். மாட்டிக்கொள்வது அவர்தான்.

பதிலுக்குப் பூசை கேட்பது இன்னொன்று. "படிக்க வைக்கிறோம், பட்டம் வாங்கியதும் வருடம் முழுவதும் எங்கள் குடும்பத்துக்குப் பூசை வைக்கட்டும்" என்பார்கள். ஒரு குரு ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும், கிறிஸ்து பிறப்பு விழா தவிர, ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாத அளவுக்குப் பூசைக் கருத்துகளை (இன்னாருக்காகப் பூசை வையுங்கள் என்ற வேண்டுகோள்களை) வாங்கவும் கூடாது. புதுக் குருவை வாக்குறுதிகளோடு பீடத்துக்கு அனுப்பாதீர்கள். பூசை வேண்டுமென்றால் தனியாகக் காணிக்கை கொடுங்கள்.

அப்புறம், சொல்லக் கூச்சமான ஒன்று. "நம்ம ஆளுங்க பிள்ளையா?" என்ற கேள்வி. டெல்டாவில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. தன் சாதிப் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பேன் என்று சொன்ன ஒருவரின் பணத்தை எங்கள் பங்குப் பேரவை திருப்பிக் கொடுத்தது. அன்றைக்கு எனக்குச் சங்கடமாக இருந்தது, கணிசமான தொகை. இப்போது யோசித்தால் அதைவிடச் சரியான முடிவை நாங்கள் எடுத்ததில்லை.

குருப்பட்ட விழா என்றால் பந்தல், ஃபிளெக்ஸ், பிரியாணி என்று பணம் தானாக வந்து சேரும். நான்காம் வருட இறையியல் மாணவர்களின் அரிசிக்கும் புத்தகத்துக்கும்தான் வராது. கொடுப்பதைப் படிப்புக் காலத்தில் கொடுங்கள். என்ன நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நோக்கத்துக்காகத் தந்ததை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1267. ரசீது கேட்பது அவநம்பிக்கை ஆகாது, கேட்டு வாங்குங்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் குறுவை போய்விட்டது, அடுத்த வருடம் கொடுக்க முடியாது என்று தெரிந்தால், ஜூனில் வகுப்பு தொடங்கும் முன்பே அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் வேறு வழி பார்த்துக்கொள்வார்.