‘வீல்சேர் வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: விமானப் பயணத்தில் மாற்றுத்திறனாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் 2023 அக்டோபரில் விமான சேவை மீண்டும் தொடங்கியது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி ஓமலூர் வழியாகக் காமலாபுரத்தில் உள்ள விமான நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டால், பயணத்தின் கடினமான பகுதி முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். சக்கர நாற்காலியில் செல்பவருக்கு உண்மையான சிக்கல் விமானத்தின் படிக்கட்டில்தான் இருக்கிறது. கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நுழையும் பாலம் இங்கே இல்லை, ஏ.டி.ஆர். 72 போன்ற சிறிய விமானங்களில், விமானம் நிற்கும் தளத்தில் நடந்து சென்று சில படிகள் ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

எனவே, டிக்கெட் எடுக்கும்போது ‘வீல்சேர்’ என்று மட்டும் குறிப்பிடுவதே முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். விமான நிறுவனங்கள் இதை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. தூரம் நடக்க இயலாது, ஆனால் படி ஏறுவார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படி ஏற இயலாது, விமானத்துக்குள் நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்.; இருக்கை வரை கொண்டுபோய் அமர்த்த வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. வகையைக் குறிக்காமல் விட்டால், படி ஏறக்கூடியவர் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் குடும்பமும் இதில் தவறியது. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு காலில் காலிப்பர் எனும் தாங்குசட்டம் அணியும் என் சித்தப்பாவை, வேறோர் ஊரின் சிறிய விமான நிலையத்தில், படிக்கட்டின் அடி வரை நாற்காலியில் தள்ளிவந்து நிறுத்தினார்கள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, முழங்கால் பூட்டு போட்டிருந்த கால் மடங்காமல் இரண்டாவது படியில் இடித்து நின்றது. “பூட்டை எடுத்துவிடுங்கள், பிறகு தூக்குங்கள்” என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படித் தூக்க வேண்டும் என்பதைப் பயணியே சொல்ல வேண்டும், உடன் வருபவர் அதற்கு இடம் விட வேண்டும்.

உதவி தேவை என்பதைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்கின்றன சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள். டிராவல்ஸ்காரரிடம் சொன்னதோடு நின்றுவிடாமல், அது டிக்கெட்டில் பதிவாகியிருக்கிறதா என்று விமான நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். திரும்பும் பயணத்துக்கும், சென்னையிலோ ஹைதராபாத்திலோ மாறிச் செல்லும் தனி டிக்கெட்டுக்கும் மறுபடி சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது.

கவுன்டரில் “உடம்பு சரியில்லாதவர்” என்று சொல்வது, நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. ஊனம் வேறு, நோய் வேறு. நிலையான உடல் குறைபாட்டுக்கு மருத்துவச் சான்று தேவையில்லை; அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் நிலைமை வேறு. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த விமான நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட விதிப்படி, பயணியின் உடல்நிலை வழியில் மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் அவரை நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சொந்த நாற்காலி கொண்டுபோகிறவர்கள், இறங்கும்போது விமானத்தின் வாசலிலேயே அதைத் திருப்பித் தரும்படி புறப்படும் இடத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். மெத்தை, கால்தாங்கி போன்று கழன்று வருபவற்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பேட்டரி நாற்காலி என்றால் அதன் எடை, மடித்த அளவு, பேட்டரியின் வகை மூன்றையும் முன்பே தெரிவியுங்கள், ஏனெனில் சிறிய விமானத்தின் சரக்கறைக் கதவுக்குள் அது நுழையுமா என்பதே முதல் கேள்வி. கழற்றி எடுத்துச் செல்லும் லித்தியம் அயனி பேட்டரி ஒன்று 300 வாட்-மணிக்கு (Wh) மேல் இருக்கக் கூடாது. கழற்றிய பேட்டரியைப் பயணியர் பகுதியில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். திறன் எவ்வளவு என்பது பேட்டரியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எழுத்து அழிந்துபோயிருந்தால், வாங்கிய ரசீதையோ கையேட்டையோ உடன் எடுத்துச் செல்லுங்கள்.