'ஏ'வா 'ஆன்'னா: புதுசா காப்பி எடிட்டிங் வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண்டில வெளிநாட்டு பப்ளிஷர்களுக்கு புக்கு எடிட் பண்ற வேலைக்கு வருஷா வருஷம் புது பேட்ச் வருது. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம்னு சுத்துவட்டாரத்துல பி.ஏ. இங்கிலீஷ் முடிச்ச பசங்கதான் நெறய. டெஸ்ட்ல எல்லாம் நல்லாத்தான் எழுதறாங்க, ஆனா மொத புக்கு கைக்கு வந்ததும் எங்க பேட்ச் அன்னிக்கு அடிச்ச அதே கூத்த ஒண்ணு விடாம அடிக்கறாங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல, அதான் இது. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு முன்னாடி 'ஏ' (a) போடறதா, 'ஆன்' (an) போடறதாங்கறதுதான் விஷயம்.

'ஏ புக்', 'ஆன் ஆப்பிள்' பத்தி இங்க பேசப்போறதில்ல. 'ஆன் அவர்', 'ஏ யுனிவர்சிட்டி'யும் உங்களுக்கே தெரியும். எழுத்தப் பாக்காத, சத்தத்தப் பாருன்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க. அது சரிதான். யாரோட சத்தம்னு மட்டும் யாரும் சொல்லித் தரல, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க.

நம்ம வாய வெச்சு அடுத்தவர் புக்க திருத்தறது

இத நெனச்சா இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும். மூலிகைகள் பத்தி ஒரு அமெரிக்க ஆத்தர் எழுதின புக்கு வந்துச்சு. மூலிகைக்கு இருக்கற இங்கிலீஷ் வார்த்தைய (herb) அமெரிக்காக்காரங்க 'எர்ப்'னுதான் சொல்லுவாங்க, முன்னாடி இருக்கற ஹெச் சத்தமே வராது, அதனால அவங்க எழுதறது 'ஆன் எர்ப்'. பிரிட்டன்ல 'ஹெர்ப்', அங்க 'ஏ ஹெர்ப்'. நம்மளும் 'ஹெர்ப்'தான், சோப்பு விளம்பரத்துலேர்ந்து ஆயுர்வேதக் கடை போர்டு வரைக்கும் 'ஹெர்பல்'தான். வேலைக்குச் சேந்து கொஞ்ச நாளே ஆன ஒரு தம்பி, ஆத்தருக்கு கிராமரே தெரியலபோலன்னு முடிவு பண்ணி, எங்க என்ன மாத்தினோம்னு காட்டற ட்ராக் சேஞ்ச போடாம, ஃபைண்ட்-ரீப்ளேஸ்ல போயி 'ரீப்ளேஸ் ஆல்' அமுக்கிட்டாரு. அவ்ளோதான், புக்கு பூரா 'ஏ ஹெர்ப்'.

அதோட விட்டுச்சா? ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல இருந்த கட்டுரைத் தலைப்புங்க கூட மாறிப்போச்சு. அது வேற ஒருத்தர் என்னிக்கோ அச்சுல போட்ட தலைப்பு, அதுல ஒரு எழுத்த மாத்த ஆத்தருக்கே உரிமை கெடையாது, நமக்கு எங்கேர்ந்து வந்துச்சு? மேற்கோளுக்குள்ள இருந்ததும் போச்சு. ட்ராக் இல்லாததால எங்க எங்க மாறுச்சுன்னு யாருக்கும் தெரியல. பேஜ் போட்டு ஆத்தர்கிட்ட போனதுக்கப்புறம்தான் வெளிய வந்துச்சு, அந்தம்மா ரொம்ப மரியாதையாத்தான் மெயில் போட்டிருந்தாங்க, அதுதான் இன்னும் வலிச்சுது. மொத்த புக்கையும் ஒரிஜினல் ஃபைலோட ஒப்பிட்டு திருப்பி பாத்தோம், அந்த உழைப்புக்கு காசு கெடையாது, கிளையன்ட் போடற மார்க்லயும் கை வெச்சாங்க.

இதுல வேடிக்க என்னன்னா, அமெரிக்காக்காரன் சொல்றதுதான் பழசு. இந்த வார்த்த ஃப்ரெஞ்ச் வழியா இங்கிலீஷுக்கு வந்தது, ஃப்ரெஞ்ச்ல ஹெச்ச உச்சரிக்கவே மாட்டாங்க, பாண்டில ஃப்ரெஞ்ச் படிச்ச யாரையாவது 'ஹோட்டல்'னு படிக்கச் சொல்லுங்க, 'ஒத்தேல்'னு வரும். 'அவர்', 'ஆனஸ்ட்', 'ஆனர்', 'ஏர்'னு வாரிசுக்கு இருக்கற வார்த்த, இதெல்லாம் அந்த மாதிரியே தங்கிடுச்சு. மத்தது பலதுக்கும் எழுத்துல ஹெச் இருக்கேன்னு சொல்லி இங்கிலாந்துல பிற்பாடு சத்தத்த ஒட்டவெச்சாங்க, 'ஹெர்ப்'பும் அதுல ஒண்ணு. அமெரிக்கா ஒட்டவெக்கல, அவ்ளோதான். ஆனா 'ஹெர்பர்ட்'ட சுருக்கி ஒரு ஆளுக்கு 'ஹெர்ப்'னு பேர் இருந்தா அங்கயும் ஹெச் வரும். 'ஹெர்பிவோர்', 'ஹெர்பிசைட்'ல அமெரிக்காக்காரங்களுக்குள்ளயே ரெண்டு விதமா சொல்றாங்க. இப்ப சொல்லுங்க, 'ரீப்ளேஸ் ஆல்' அமுக்கற விஷயமா இது?

மரியாதை செலுத்தறதுக்கு ஒரு வார்த்த இருக்கே, 'ஹாமிஜ்', அதுவும் இதே கதைதான், அமெரிக்காவுல நெறய பேர் 'ஆமிஜ்'னு சொல்லி 'ஆன்' போடுவாங்க.

ஆத்தரோட அட்ரஸ் பாத்து முடிவு பண்றதும் ஆகாது, லண்டன் காலேஜ்ல பாடம் எடுக்கறவர் சிகாகோல பொறந்தவரா இருக்கலாம். புக்குக்கு கொடுத்த ஸ்டைல் ஷீட்ட, அதாவது எந்த ஸ்பெல்லிங், எந்த வழக்கம்னு சொல்ற குறிப்ப, மொதல்ல தெறங்க. 'கலர்'ல யு இருக்கா இல்லயான்னு பாருங்க, அமெரிக்க ஸ்பெல்லிங் கேட்ட புக்குன்னா 'எர்ப்', பிரிட்டிஷ் கேட்டா 'ஹெர்ப்'. அப்பவும் ஒவ்வொண்ணா நின்னு பாத்து மாத்துங்க, மேற்கோள், தலைப்பு, ரெஃபரன்ஸ் பக்கம் கை போகக்கூடாது.

இயரும் இயரும்

இது நம்ம ஊரு ஸ்பெஷல். வருஷத்துக்கும் காதுக்கும் நம்ம ஒரே மாதிரி 'இயர்'னு சொல்றோம். காதுக்கு 'ஆன்' சரி. வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க வாய்ல ஒரு 'ய்' நிக்குது, 'யியர்'னு கொஞ்சம் அழுத்தி, அதனால 'ஏ' தான். நம்ம பசங்க தங்களோட காத நம்பி 'ஆன் இயர்'னு வருஷத்துக்குப் போட்டுடறாங்க, ரெஸ்யூமேல 'ஆன் இயர் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'னு பாத்தாலே எனக்கு ஆள் எந்தப் பக்கம்னு பாதி தெரிஞ்சிடும். மெடிக்கல் புக்குல 'ஈஸ்ட்' (yeast) வரும், அதுலயும் இதே கததான், 'உமன்'லயும் கம்பளிக்கு இருக்கற 'ஊல்'லயும் முன்னாடி இருக்கற 'வ்' நமக்குக் காணாமப் போகும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. எலிய 'யெலி'ன்னும் ஒண்ண 'வொண்ணு'ன்னும் சொல்லிப் பழகின வாய் நம்மளது, அதனால எம்.எல்.ஏ. 'யெம்மெல்லே' ஆகுது, எஃப்.ஐ.ஆர். 'யெஃப்பையார்' ஆகுது. காதுல 'ய்' கேக்குது, ஒடனே 'ஏ எம்.எல்.ஏ.'ன்னு போட்டுடறாங்க. அங்க 'ஆன்' தான்.

ஹெச்சு

நம்ம அந்த எழுத்தயே 'ஹெச்'னு சொல்றோம், ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான். இங்கிலாந்துல வழக்கமா 'எய்ச்', இப்ப எளவட்டங்க 'ஹெய்ச்' சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. அமெரிக்காவுல 'எய்ச்'. அயர்லாந்துல 'ஹெய்ச்' சர்வ சாதாரணம், ஆஸ்திரேலியாவுல ரெண்டும் ஓடுது. வட அயர்லாந்துல இந்த ஒரு எழுத்த எப்படிச் சொல்றாங்கன்னு கேட்டே ஆள் கத்தோலிக்கரா ப்ராட்டஸ்டன்டான்னு ஊகிப்பாங்களாம், கத்தோலிக்கர் பக்கம் 'ஹெய்ச்', அந்தப் பக்கம் 'எய்ச்'. நம்மூர்ல சாதிய மோப்பம் புடிக்க ஊர் பேர் கேக்கற மாதிரி.

அச்சுல பெரும்பாலும் 'எய்ச்' கணக்குதான், அதனால 'ஆன் ஹெச்.ஐ.வி.', 'ஆன் ஹெச்.ஆர். மேனேஜர்'. நம்ம வாய்க்கு ஒதைக்கும், ஒதைக்கட்டும். ஐரிஷ் ஆத்தர் ஒருத்தர் புக்கு பூரா 'ஏ' போட்டு வெச்சிருந்தா மாத்தாதீங்க, க்வெரி போடுங்க, அதாவது ஆத்தர்கிட்டயே கேள்வி எழுதிக் கேளுங்க.

சுருக்கப் பேருங்க

நெய்வேலி ஆளுன்னா 'ஆன் என்.எல்.சி. எம்ப்ளாயி', எழுத்தெழுத்தா படிக்கறோம். கடலூர் சிப்காட்ல இருக்கற கம்பெனின்னா 'ஏ சிப்காட் யூனிட்', வார்த்தயா படிக்கறோம். ஜிப்மரும் அப்படித்தான். டேட்டாபேஸ் மொழியான எஸ்.க்யூ.எல்.ல சண்ட இருக்கு, 'சீக்வல்'னு சொல்றவன் 'ஏ' போடுவான், எழுத்தா சொல்றவன் 'ஆன்' போடுவான், ரெண்டு பேரும் சரி, ஒரே புக்குல ரெண்டும் இருந்தாத்தான் தப்பு.

ஆன் யூனியன் டெரிட்டரி

இல்ல. 'ஏ'. 'யூ'ல மொதல்ல வர்றது 'ய்' சத்தம். பாண்டில வேல பாத்துக்கிட்டு இத தப்பா எழுதாதீங்க.

ஆன் ஹிஸ்டாரிக்

பழைய பிரிட்டிஷ் பழக்கம், இன்னும் சிலர் விடல. மேற்கோள்ல இருந்தா தொடாதீங்க. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல 'ஆன் ஹண்ட்ரட்'னே வரும், அதையும் ஒரு ட்ரெய்னி திருத்தினாங்க.

நம்பர்

வாய்விட்டுப் படிங்க. 8, 11, 18, 80 எல்லாத்துக்கும் 'ஆன்'. ரூபாய் குறி முன்னாடி நின்னாலும் வாய்ல மொதல்ல வர்றது 'எய்ட்'தான், அதனால 'ஆன் ₹800 ஃபைன்'. 1,100 மட்டும் தகராறு. நம்ம 'ஒன் தௌசண்ட் ஒன் ஹண்ட்ரட்'னு படிப்போம், அதுக்கு 'ஏ'. அமெரிக்காக்காரங்க 'இலெவன் ஹண்ட்ரட்'னும் படிப்பாங்க, அதுக்கு 'ஆன்'. அந்த மாதிரி வர்ற எடத்துல ஆத்தர் போட்டதயே விட்டுட்டு, ஓரத்துல ஒரு வரி க்வெரி வெச்சிட்டு அடுத்த பேராவுக்குப் போங்க.