பேரவை நாளில் நம்மூர்க் குளத்துக்கு எத்தனை மணிக்கு இடம்?

மறுகால் (மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி) உடைந்த குளத்துக்காக எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய், “அண்ணாச்சி, நீங்கதான் சட்டசபையில பேசணும்” என்று சொல்லிவிட்டு வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அவரும் தலையாட்டுவார். எந்த அமைச்சரிடம் கேட்பது, அவை நாளின் எந்தப் பகுதியில் கேட்பது, என்ன விவரத்தை வைத்துக் கேட்பது என்பதெல்லாம் கையில் இல்லாததால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பேரவையின் ஒரு நாள் நேரக் கட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்ற தாள் வேறு.

முதலில் விஷயம் பேரவைக்கு உரியதுதானா என்று பாருங்கள். ரயில் நிற்கவில்லை, நான்கு வழிச்சாலையில் மேம்பாலம் வேண்டும், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை வேண்டும், பீடித் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதி வரவில்லை என்பவையெல்லாம் ஒன்றிய அரசின் கையில் இருப்பவை; எம்.பி.யிடம் போக வேண்டியவை. குளம், கால்வாய், மாநில நெடுஞ்சாலை, அரசு மருத்துவமனை, அரசுப் பேருந்து, காவல் நிலையம், ஊராட்சி இவை பேரவைக்கு உரியவை. ஒரு அடிபம்பு, ஒரு நிழற்குடை என்றால் அவைவரை போகவே வேண்டாம். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் எம்.எல்.ஏ.வே செய்து தரலாம்.

அடுத்தது அமைச்சர் யார் என்பது. அதிகம் தவறுவது இங்கேதான். குளம் என்றால் எல்லாரும் ‘பொதுப்பணித் துறை’ என்றே இன்னமும் எழுதுகிறார்கள். 2021-லிருந்து நீர்வளத் துறை தனியாக இருக்கிறது. அதிலும் ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் வயல் பரப்பு) 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு, மேற்பட்ட குளம்தான் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தால் அது ஊராட்சி ஒன்றியக் குளம். பதில் சொல்ல வேண்டியவர் ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர். 60 ஏக்கர் ஆயக்கட்டுள்ள குளத்தைப் பற்றி நீர்வளத் துறையிடம் கேட்டால், “எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை” என்ற ஒரு வரியோடு கதை முடியும். அந்த ஒரு வரிக்காக ஒரு கூட்டத்தொடரே போயிருக்கும். ஆயக்கட்டு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ பாசன சங்கத்திலோ முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள குளமானால் எந்தக் கால்வாயில் வருகிறது என்பதும் வேண்டும். கோடகன், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய், கன்னடியன் என்று பெயரைச் சொன்னாலே துறைக்காரர்களுக்கு இடம் பிடிபட்டுவிடும்.

உங்கள் எம்.எல்.ஏ. யார் என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. அவர் அமைச்சராக இருந்தால் கேள்வி நேரத்தில் பதில் சொல்லுவார், கேள்வி கேட்க மாட்டார். பேரவைத் தலைவராக இருந்தாலும் அப்படித்தான். அந்த நாற்காலி நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல. 1962-ல் செல்லபாண்டியன், 1985-ல் பி.எச். பாண்டியன், 2006-ல் ஆவுடையப்பன், 2021-ல் அப்பாவு என்று வரிசையாக இருந்திருக்கிறார்கள். ஊருக்குப் பெருமைதான், கேள்விக்கு உதவாது. அந்த நிலையில் பக்கத்துத் தொகுதிக்காரரைப் பிடியுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் 5, தென்காசி மாவட்டத்தில் 5 ஆக 10 தொகுதிகள் இருக்கின்றன. தன் தொகுதியைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும் என்று உறுப்பினருக்குக் கட்டுப்பாடு இல்லை. அம்பாசமுத்திரத்துக் கால்வாயைப் பற்றிப் பாளையங்கோட்டைக்காரர் தாராளமாகக் கேட்கலாம். தண்ணீர் அங்கிருந்துதானே இங்கே வருகிறது.

இனி நாளின் வரிசை. வழக்கமாகக் காலை 10 மணிக்கோ, சில நாள்களில் 9.30-க்கோ மணி அடிக்கும். பேரவைத் தலைவர் வந்து ஒரு திருக்குறளையும் பொருளையும் வாசிப்பார். அவை நடக்க மொத்தம் 234 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் இருந்தால் போதும். மறைந்த தலைவர்கள், முன்னாள் உறுப்பினர்களுக்கு இரங்கல் குறிப்பு இருந்தால் எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்பார்கள். பதவியில் இருக்கும் உறுப்பினர் இறந்திருந்தால் அன்றைய அவையையே ஒத்திவைப்பதும் உண்டு. அன்றைக்கு வைத்திருந்த கேள்விகளுக்கும் அவையில் இடம் இருக்காது.

பிறகு கேள்வி நேரம், ஒரு மணி நேரம். நமக்கு வேண்டியது இதுதான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார். துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. எம்.எல்.ஏ. கொடுத்த கேள்வி மறுநாளே வந்துவிடாது. அது துறைக்குப் போய், அங்கிருந்து மாவட்டப் பொறியாளரிடம் விவரம் கேட்டு, பதில் மேலே திரும்பிய பிறகே பட்டியலில் ஏறும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடுவது வீண்.

எம்.எல்.ஏ.விடம் கொடுக்க வேண்டிய தாள் ஒரே பக்கம். மேலே கேள்வி, இந்த உருவில்:

நீர்வளத் துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்காண்பவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) ……… தொகுதி, ……… ஊராட்சியிலுள்ள ……… குளத்தின் மறுகால் சுவர் சேதமடைந்திருப்பதை அரசு அறியுமா;
(ஆ) அறியும் எனில், சீரமைக்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளதா, தொகை எவ்வளவு, இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது;
(இ) பணி எப்போது தொடங்கும்?

கீழே நான்கைந்து வரிகளில் விவரம்: ஆயக்கட்டு ஏக்கர், கால்வாய், உடைந்த இடத்தின் நீளம், எந்த மழையில் உடைந்தது, முன்பு மனு கொடுத்திருந்தால் தேதியும் எண்ணும். புலம்பல் வேண்டாம். யார் மேலும் குற்றச்சாட்டு வேண்டாம். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் கேள்வியே தள்ளுபடி ஆகும். ஒரு தாளில் ஒரு குளம். ‘எங்கள் பகுதியின் 14 கோரிக்கைகள்’ என்று பட்டியல் போட்டால் ஒன்றும் நடக்காது.

பின்பக்கத்தில் இரண்டு துணைக் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். எம்.எல்.ஏ.க்கள் பழக்கத்தில் “சீரமைக்க அரசு முன்வருமா?” என்று கேட்டுவிடுவார்கள். அதற்கு “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று பதில் வரும், உட்கார வேண்டியதுதான். கோப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் அமைச்சர் படியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். படிகள் இவை: கருத்துரு, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. “கருத்துரு பெறப்பட்டுள்ளது” என்றால் தொடக்கத்தில் நிற்கிறது, பணம் ஒதுக்கவில்லை. “நிர்வாக ஒப்புதல் வழங்கப்பட்டுள்ளது” என்றால் பணத்துக்கு வழி பிறந்துவிட்டது. “ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது” என்றால் ஊரில் எதிர்பார்த்து நிற்கலாம். “சாத்தியக்கூறு ஆராயப்படும்” என்பதை மரியாதையான மறுப்பு என்று எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி நேரத்துக்குப் பிறகு நேரமில்லா நேரம். நேற்று நடந்தது, இன்று காலையில் நடந்தது எல்லாம் இங்கே. கரை உடைந்து பிசானப் பருவ நெல் நடவு மூழ்குகிறது என்றால் கேள்விக்குக் காத்திருக்க முடியாது, எம்.எல்.ஏ. பேரவைத் தலைவரிடம் கவன ஈர்ப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதிப்பது தலைவரின் விருப்பம். அனுமதித்தால் அமைச்சர் விளக்கம் தருவார். பழைய பிரச்சினையை அவசரம் என்று கொண்டு போனால் ஏற்க மாட்டார்கள். ‘பத்து ஆண்டுகளாக’ என்ற சொல் உங்கள் தாளில் இருந்தாலே அவசரம் போய்விடும். இந்த நேரத்தில்தான் கூச்சலும் வெளிநடப்பும் நடக்கும். உங்கள் எம்.எல்.ஏ.யின் கட்சி அன்றைக்கு வெளிநடப்பு செய்தால் உங்கள் குளமும் அவரோடு வெளியே போய்விடும். இதற்கு மாற்று ஒன்றும் கிடையாது.

அதன் பின் ஏடுகள் வைப்பது, குழு அறிக்கைகள், மசோதாக்கள். ஏற்போர் ‘ஆம்’ என்றும் மறுப்போர் ‘இல்லை’ என்றும் குரல் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணுவார்கள். எடப்பாடி பழனிசாமி அரசு மீதான 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு அப்படித்தான் 122-க்கு 11 என்று முடிந்தது. பேரவை விதி 110-ன் கீழ் முதலமைச்சர் அறிவிப்பு வாசித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. அதில் உங்கள் ஊர் பெயர் வந்தால் அதிர்ஷ்டம்.

நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு, ஒவ்வொரு துறைக்கும் வேண்டிய பணத்தை அவையிடம் கேட்கும் மானியக் கோரிக்கை நாள்கள் வேறு கணக்கு. துறைவாரியாக நாள் ஒதுக்கி விவாதம் நடக்கும். அமைச்சரின் பதிலுரைக் கடைசியில் புதிய அறிவிப்புகள் வரும். அன்று காலையில் எம்.எல்.ஏ. உருக்கமாகப் பேசினால் மாலையில் அறிவிப்பில் சேரும் என்று நினைக்க வேண்டாம். அறிவிப்புப் புத்தகம் அதற்கு முன்பே அச்சாகி வந்திருக்கும். உங்கள் குளத்தின் மதிப்பீடு பொங்கலுக்கு முன்பின்னாகவே மாவட்ட அலுவலகத்திலிருந்து மேலே போயிருக்க வேண்டும். இன்னொரு கணக்கும் பாருங்கள்: குளத்து வேலை கோடையில், தண்ணீர் வற்றிய பிறகுதான் நடக்கும். ஏப்ரலில் அறிவித்த வேலை ஒப்பந்தப்புள்ளி முடிந்து வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆகவே நடைமுறையில் அடுத்த கோடைதான். தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால நிதிநிலை அறிக்கை மட்டுமே வரும் என்பதால் இன்னும் தள்ளும்.

எம்.எல்.ஏ. வழி அடைபட்டால், மக்களிடம் நேராக மனு வாங்கும் பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. மாவட்டத்துக்கு வரும் முன் ஆட்சியர் அலுவலகம் செய்திக் குறிப்பு வெளியிடும். மனு தமிழில், தேதியிட்டு, கையொப்பமிட்டு, 5 நகல்கள். முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை – 600 009. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக, ஒரே பொருள் பற்றியதாக, ஒரே துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் உதவித்தொகை, வேலை, வங்கிக் கடன், தனிநபர் குறை, வழக்கில் உள்ளவை ஏற்கப்படாது. நேரமில்லா நேரத்தில் தோற்ற ‘பத்து ஆண்டுகளாக’ இங்கே நன்றாக எடுபடும்.

அவையை நேரில் பார்க்க எம்.எல்.ஏ. வழியாகப் பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரசில் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் பார்க் தாண்டினால் கோட்டை நிலையம். வந்தே பாரத்தில் போகாதீர்கள், பிற்பகலில்தான் சேரும். கேள்வி நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அடையாள அட்டை கட்டாயம். செல்போனுக்கு மாடத்தில் இடமில்லை. கைதட்டினாலோ குரல் கொடுத்தாலோ வெளியே அனுப்பிவிடுவார்கள். கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாக வருகிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பார்க்கும்போது கையில் பேனா இருக்கட்டும். அமைச்சர் சொன்ன வாக்கியத்தை அப்படியே, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அச்சில் வரும் அவைக் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். “இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்” என்று அவையில் சொன்னது உறுதிமொழி. அதைப் பின்தொடர்ந்து நிறைவேறியதா என்று கேட்பதற்காகவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. அதுவும் மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்யும். அந்தக் குழுவுக்கு எழுதும்போது தேதி, கேள்வி எண், அமைச்சரின் வாக்கியம், இன்றைக்கு எடுத்த குளத்தின் புகைப்படம். வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.