லயத்து நாய் மோந்து பார்க்க வந்தால்

சம்பளம் போட்ட மறுநாள் சேலை மூட்டையோடு லயம் ஏறுவேன், அதுதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவப் பக்கம் 17 வருஷமா இதுதான் தொழில். வீட்டுக்காரங்க வெளியே வருமுன்னே நாய் வந்துவிடும். ஆரம்பத்தில் குடையை வீசி விரட்டுவேன். அதனால்தான் குரைப்பு கூடுது என்று பிறகுதான் புரிந்தது.

இப்போது அப்படியே நின்றுவிடுவேன். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கையைத் தொங்கவிட்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல். மூக்குக்கு நேரே கையை நீட்டத் தேவையில்லை. நம் மூக்கில் வாடை பிடிக்கும் அணுக்கள் ஏறக்குறைய 60 இலட்சம், நாய்க்கு 10 கோடிக்கும் மேல். என் செருப்பில் மேல் லயத்து நாயின் வாடை, மூட்டையில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கருவாட்டு வாடை, எல்லாம் அதுக்குச் சேதி. விசாரித்து முடிக்க விடுங்க.

தொடையிடுக்கில் மூக்கை வைத்தால் பொம்பளைப் பிள்ளைகள் கூசிப்போகிறார்கள். அக்குளிலும் அங்கேயும் ஒருவகை வியர்வைச் சுரப்பி அதிகம். மாதவிடாய் நாளிலும் பிள்ளை பெற்ற புதிதிலும் வாடை மாறுவதால் கூடுதலாக மோக்கும். பிள்ளையைத் திட்டாதீங்க, நாயையும் அடிக்காதீங்க. பையை முன்னால் பிடித்துத் திரும்பி நின்றால் போதும்.

நம்ம பதற்றமும் அதுக்குத் தெரியும். பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில் (2022) 4 நாய்கள், பதற்றத்தில் இருந்தவரின் மூச்சு வியர்வை வாடையை, அதே ஆளின் சாதாரண வாடையிலிருந்து 90 வீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்தன. அதுக்காகக் கடிக்கும் என்று அர்த்தமில்லை. உடம்பு இளகி வால் தளர்வாக ஆடினால் பயமில்லை. மோந்துகொண்டே விறைத்து, வாயை மூடி, வெறித்துப் பார்த்தால் ஓடாமல், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க.

மழை மாதத்தில் ஒன்றை மறக்கவே கூடாது. அட்டை கடித்து ரத்தம் கசியும் காலை நாய் தேடி வந்து மோந்து, நக்கப் பார்க்கும். விடாதீங்க. திறந்த புண்ணில் எச்சில் பட்டாலும் விசர் நோய் (ரேபிஸ்) தொற்றலாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். "இன்னைக்குப் பேரு போயிருமே" என்று, அதாவது அன்றைய கூலி போய்விடுமே என்று, மஞ்சளை அப்பிக்கொண்டு மலைக்கு வேலைக்குக் கிளம்பிய ஒரு சின்னம்மாவை, சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். பேர் போனால் அடுத்த மாதம் சேலைத் தவணையைத் தள்ளி வைக்கிறேன் என்றேன்.