குளிரில் இறுகும் இக்னிஷன் பூட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் வெப்பநிலை மைனஸ் 15 பாகைக்குக் கீழே இறங்கியதும், திறப்பு திரும்ப மறுக்கிறது என்ற அழைப்புகள் எங்கள் கராஜுக்கு வரத் தொடங்கிவிடும். புதிதாகத் தொழில் பழக வரும் பிள்ளைகள் அந்தக் கார்களில் கைவைக்கும் விதத்தைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளை ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள். திறப்பைக் குறடால் பிடித்துத் திருகக் கூடாது, பூட்டில் வெந்நீர் ஊற்றக் கூடாது என்பவை சொல்லாமலே விளங்குபவை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டியரிங்கைப் பாராமல் பூட்டைக் குறை சொல்வது

சில்லு நடைபாதை ஓரத்தில் முட்டியபடி காரை நிறுத்தியிருந்தால், ஸ்டியரிங்கைப் பூட்டும் ஆணியின்மேல் அந்த அழுத்தம் முழுவதும் ஏறி நிற்கும், திறப்பு அசையாது. ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, எந்தப் பக்கம் இளகுகிறதோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, மறு கையால் திறப்பைத் திருப்புங்கள். அப்போது திரும்பிவிட்டால் பூட்டைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

திறப்பை லைட்டரில் சூடாக்குவது

திறப்பின் தலைக்குள், அதைக் காருக்கு அடையாளம் காட்டும் சிப் இருக்கிறது; சூட்டில் கெட்டுவிடும். வேண்டாம்.

கண்டதையும் தெளிப்பது

துருநீக்கும் ஸ்ப்ரேயை அடித்தவுடன் பழைய கிரீஸ் கரைந்து திறப்பு வழுக்கிக்கொண்டு திரும்பும் என்பதால், அடித்தவருக்குப் பெரிய திருப்தி. கரைப்பான் ஆவியான பிறகு எஞ்சும் எண்ணெய்ப் படலம் பித்தளைத் தூளையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் கிராஃபைட் தூளையும் போட்டால் உள்ளே கரிய பசைதான் மிஞ்சும். ஈரம் விடாத டெஃப்லான் ஸ்ப்ரேயைச் சிறிதளவு அடித்து, திறப்பைப் பலமுறை செருகி எடுத்துத் துடையுங்கள். பூட்டின் பின்னால் தீப்பொறி எழக்கூடிய மின்சுவிட்ச் இருப்பதால், கரைப்பானின் வாடை அடங்கும்வரை திறப்பைத் திருப்பாதீர்கள்.

சூடேறியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். குளிரில் உலோகம் சுருங்குவதால் பூட்டு இறுகுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இவ்வளவு சிறிய உருளையில் அந்தச் சுருக்கம் மயிரிழையிலும் மெல்லியது. உருளைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பித்தளைத் தகடுகள் அனைத்தும் திறப்பின் வெட்டுக்கேற்ப நகர்ந்து சமமட்டத்தில் நின்றால்தான் உருளை சுழலும். தேய்மானத் தூள் கலந்த பழைய கிரீஸ் உறைந்த நெய்போல இறுகி, வலுக்குறைந்த ஸ்பிரிங்கால் ஒரு தகட்டை நகர்த்த முடியாமற்போனாலே திறப்பு நின்றுவிடும். ஹீட்டர் போட்டதும் கிரீஸ் இளகும், தகடு நகரும், உரிமையாளரும் மறந்துவிடுவார். தேய்மானம் மட்டும் அங்கேயே இருக்கும்.

நாட்டுக்குப் புதிதாக வந்து, இரவு வேலைக்காகப் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்த தம்பி ஒருவர், காலையில் திறப்பு இறுகுவதாகச் சொல்லிக் காரைக் கொண்டுவந்தார். சூடான கராஜுக்குள் ஒரு மணிநேரம் நின்ற காரில் எங்கள் பையன் திறப்பைத் திருப்பிப் பார்த்து, “ஒன்றுமில்லை அண்ணை, நல்லாத் திரும்புது” என்று அனுப்பிவிட்டான். ஜனவரிக் கடைசியில் ஓர் இரவு, வேலை முடிந்து வந்த அவர் வாகனத் தரிப்பிடத்தில் திறப்பைத் திருப்ப முடியாமல் நின்றார்.

பெரும்பாலான கார்களில் திறப்பை முதல் நிலைக்குத் திருப்பி, சிறு துளை வழியாக ஒரு பின்னை அழுத்தினால் உருளை வெளியே வந்துவிடும். தகடுகளைக் கழுவி, ஸ்பிரிங்குகளை மாற்றி, பழைய திறப்புக்கே பொருத்திவிடலாம். திறப்பு அந்த நிலைக்கே வராவிட்டால் அந்தப் பின் அசையாது. உருளையைத் துளையிட்டு உடைக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு இழுவை வண்டிச் செலவு, புதிய உருளை, புதிய திறப்பு, அதற்குச் சிப் பதிவு, கதவுக்கு வேறொரு திறப்பு என்று செலவு நீண்டது. உருளையைக் கழுவுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. இறுகுகிறது என்று ஒருவர் சொன்னால், காரை இரவு முழுவதும் வெளியில் விட்டு, காலையில் ஹீட்டர் போடுவதற்கு முன் நீங்களே திருப்பிப் பாருங்கள்.

தேய்ந்த திறப்புக்கு நகல் எடுப்பது

நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்து வரும். முதலில் மாற்றுத் திறப்பைச் செருகிப் பாருங்கள்; அது இலகுவாகத் திரும்பினால் பூட்டை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் குறியீட்டு எண்ணைக் கொடுத்துப் புதிய திறப்பு வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கனத்த திறப்புக் கொத்து

அதன் பாரம் பூட்டைத் தேய்க்கும். கழற்றுங்கள்.

ஸ்டார்ட் நிலையிலிருந்து மீளாததைக் கவனியாமல் விடுவது

குளிரில் சில பூட்டுகள் இலகுவாகத் திரும்பினாலும், என்ஜின் பற்றிய பிறகு திறப்பு தானாகப் பின்வாங்காமல் ஸ்டார்ட் நிலையிலேயே தங்கிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் தொடர்ந்து சுழன்று கருகத் தொடங்கும். கரகரப்புச் சத்தம் நிற்காவிட்டால் உடனே கையால் திறப்பைப் பின்னுக்கு இழுங்கள். இந்தக் குறையோடு வரும் காரை, பூட்டையும் அதன் பின்னாலுள்ள மின்சுவிட்சையும் பிரித்துப் பார்க்காமல் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்.