மூன்று கிட்டார், மூன்று வேலை: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களின் ஆசைப் பட்டியலில் முதல் வரியில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) இருக்கும், நட் (தலைப்பக்கம் தந்திகள் அமரும் பள்ளமிட்ட சிறு கட்டை) கடைசியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். சுருதி நிற்காத கிட்டாரில் விலை உயர்ந்த பிக்கப்பைப் போட்டால் அபசுரம்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், லெஸ் பால் என்ற மூன்று வகைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அதன் குரலை ஒட்டிய மாற்றங்கள் மட்டும் போதும். எல்லாக் கிட்டாரிலும் எல்லா ஒலியும் வேண்டும் என்று போனால், மூன்றும் ஒரே கிட்டாராகிவிடும்.

ஈயம் உருக்கும் முன்

புதுத் தந்தி மாட்டி, சுருதி சேருங்கள். முதல் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஆறாம் தந்தியை நெக் (கழுத்து) உடலோடு சேரும் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பைக் மெக்கானிக் வால்வு பார்க்கும் ஃபீலர் கேஜே இதற்குப் போதும். இடைவெளி கூடுதலென்றால் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) வலப்புறமாகக் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்துவிட்டு அளங்கள். ராடு முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். முறிந்த டிரஸ் ராடை மாற்ற விரல்பலகையையே கழற்ற வேண்டி வரும்.

அடுத்து, 17-ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் 1.6 மி.மீ. அதன்பின் 12-ஆம் ஃப்ரெட்: அழுத்தி மீட்டும் சுரம் ஹார்மோனிக்கைவிட (அங்கேயே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) ஏறி நின்றால் சேடிலை (பிரிட்ஜ் என்ற உடல்பக்கத் தாங்கியில் தந்தி அமரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கினால் முன்னால்.

சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று ஒரு சத்தத்தோடு தந்தி தாவினால் குற்றவாளி நட், கீ (தந்தியை முறுக்கும் ஆணி) அல்ல. லெஸ் பாலில் மூன்றாம் தந்தி எப்போதும் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது: தலைப்பகுதி சுமார் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது, தந்திகள் பக்கவாட்டிலும் விரிகின்றன. பள்ளத்தில் தந்தி இரண்டு பக்கமும் உரசிச் சிக்கிக்கொள்கிறது. பள்ளம் தந்தியைவிட 0.05 மி.மீ. அகலமாக இருக்கட்டும், அரத்தைத் தலைப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஆழம் பார்க்க, மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். இல்லையென்றால் ஆழம் அதிகமாகிவிட்டது. எலும்புத் தூளும் சூப்பர் குளூவும் சேர்த்து நிரப்பி, மறுபடி அராவலாம்.

நட்டையே மாற்றுவதானால், ஓரத்து வார்னிஷை முதலில் பிளேடால் கீறிவிடுங்கள். கீறாமல் தட்டினால் வார்னிஷும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும்.

ஆர்டர் போடும் முன்

அளக்காமல் வாங்கியதில்தான் பாதிப் பணம் போகும். ஸ்ட்ராட் பிரிட்ஜில் முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடுவரை அளங்கள்: பழைய வகை சுமார் 56 மி.மீ., புதிய வகையும் மலிவு கிட்டார்கள் பலவும் 52.5. உடல் மெலிந்த கிட்டாரில் பிரிட்ஜுக்கு அடியில் வரும் முழு நீள ஸ்டீல் பிளாக் பின்பக்கம் துருத்தும். கீ துளை 10 மி.மீ. வகையா, 9-க்கும் சற்றுக் குறைந்த பழைய வகையா என்றும் பாருங்கள். பெரிய பாட்களுக்கு (வால்யூம், டோன் குமிழ்களின் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) 9.5 மி.மீ. துளை வேண்டும், மலிவு பிக்கார்டில் (முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) 8-தான் இருக்கும். ரீமரால் கையால் பெரிதாக்குங்கள். டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிளந்துவிடும். லெஸ் பாலின் மேற்பலகை தடிமனானது. அதற்கு நீளக் கழுத்துள்ள பாட்தான் எட்டும்.

வயரிங்

சால்டரிங் அயர்ன் 40 முதல் 60 வாட், தட்டையான முனை, ரோசின் உள்ள 60/40 ஈயம். 25 வாட் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சூடு போதாமல் நெடுநேரம் வைத்துக்கொண்டே இருப்பீர்கள், அதற்குள் பாட்டின் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும். பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்தால் மூன்று விநாடியில் ஈயம் பிடிக்கும். எதையும் கழற்றும் முன் படம் எடுத்துவையுங்கள்.

ஸ்ட்ராட்டில் செலவில்லாத மாற்றம் ஒன்று. பழைய முறை வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கிடையாது, காது கூசும். செலக்டரின் (பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) டோன் பக்கத்தில் ஒரு முனை சும்மா இருக்கும். நடு பிக்கப்பின் டோன் முனையிலிருந்து அதற்கு ஒரு சிறு வயர் இழுத்தால் போதும்.

ஒரு டோன் பாட்டை புஷ்-புல் பாட்டாக (இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்வது) மாற்றி, இழுத்தால் நெக் பிக்கப் செலக்டரின் வெளியீட்டோடு சேரும்படி இணைத்தால் ஐந்து ஒலி ஏழாகும்: நெக்கும் பிரிட்ஜும் சேர்ந்தது ஒன்று, மூன்றும் சேர்ந்தது இன்னொன்று. இழுக்கும்போது எந்த இரு முனைகள் சேர்கின்றன என்பதை மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். 1977 வரை ஸ்ட்ராட்டில் மூன்று வழி செலக்டர்தான் வந்தது. இடைப்பட்ட ஒலிக்காக அதை நடுவே சிக்கவைத்து வாசித்தவர்கள் ஏராளம்.

வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்குகிறதா? 1200 பிகோ ஃபாரட் கெபாசிட்டரும் 130 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தொடராக, வால்யூம் பாட்டின் உள்வரும் முனைக்கும் நடு முனைக்கும் இடையே. லெஸ் பாலில் இதைச் செய்யத் தேவையில்லை. டோன் கெபாசிட்டரின் வயரை வால்யூம் பாட்டின் உள்வரும் முனையிலிருந்து எடுத்து நடு முனையில் வைத்தாலே, ஐம்பதுகளின் வயரிங் வந்துவிடும்.

டெலிகாஸ்டருக்கு நான்கு வழி செலக்டர். நான்காவது நிலையில் இரு பிக்கப்பும் தொடராகச் சேர்ந்து தடித்த குரல் வரும். பலர் சறுக்கும் இடம் நெக் பிக்கப்பின் உலோக மூடி. அது பிக்கப்பின் எர்த் வயரோடு உள்ளேயே இணைந்திருக்கும். அந்த இணைப்பை வெட்டி, மூடிக்குத் தனி எர்த் வயர் கொடுக்காவிட்டால், தொடர் நிலையில் அந்த மூடி இரைச்சலை இழுக்கும், தொட்டால் இன்னும் கூடும். பிக்கப்பிலிருந்து வரும் சுருள் கம்பி தலைமுடியைவிட மெலிது. அந்த இடத்தில் கை நடுங்கக்கூடாது.

லெஸ் பாலில் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) பிரித்து ஒற்றைச் சுருளாக்க நான்கு வயர் பிக்கப் வேண்டும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் இணைப்பு. டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் இணைப்பு. இரண்டிலும் பச்சை எர்த்.

இரைச்சல்

உள்குழிகளில் செப்பு டேப் ஒட்டுங்கள். பசையும் மின்சாரம் கடத்தும் வகை என்று கேட்டு வாங்குங்கள். துண்டுக்குத் துண்டு மல்டிமீட்டர் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஜாக்கின் முனை டேப்பில் பட்டால் சத்தமே வராது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் எர்த் வேலை செய்கிறது. கூடினால் ஜாக்கில் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். தொட்டால் சுரீர் என்றால் பிரச்சினை கிட்டாருக்கு வெளியே இருக்கிறது. ஆம்பை உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு முள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஆம்பைச் சொருகுவது உயிரோடு விளையாட்டு.

பிக்கப் இப்போது

முதலில் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2. இன்னும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, ஆறாம் தந்தியின் மேல் ஃப்ரெட்களில் சுரம் அலையும். இதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் மட்டும் பிக்கப் வாங்குங்கள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500. புதிது பழையதோடு சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் கேட்டால் இரண்டும் எதிரெதிர் திசை. ஒன்றின் சிக்னல் வயரையும் எர்த் வயரையும் இடம் மாற்றுங்கள். மூடியோ அடித்தட்டோ எர்த்தோடு சேர்ந்திருந்தால் அதை முதலில் பிரித்துவிடுங்கள்.

கழற்றியதையெல்லாம் கிட்டார் பெயர் எழுதிய பையில் போட்டுவையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். கையில் இருப்பது ஐம்பது அறுபதுகளின் அசல் கிட்டார் என்றால் மேலே சொன்ன வயரிங் எதுவும் அதற்கல்ல. தொழிற்சாலையில் வைத்த ஈயம் ஒருமுறை உருகினாலே சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். அதற்குத் தந்தி மாற்றி, நட்டில் பென்சில் கரி தடவினால் போதும்.